ஊருக்குத் திரும்பிய பாட்டு



பாடகர் ஒருவர் பெரும் புகழ் பெற்றுவிட்டால் அதன்பின் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். பட்டணத்து அரங்கம், விலை கூடிய நுழைவுச் சீட்டு, வாசலில் காவலர்கள். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அவரைப் பார்க்க ஆசைப்பட்டால் சீட்டுக் காசோடு பஸ் காசையும் சேர்த்தாக வேண்டும். கலைஞர் நம்மைத் தேடி வருவதில்லை. நாம்தான் அவரைத் தேடிப் போகிறோம்.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒரு குழுவைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன். உலகத்தைச் சுற்றி வந்த நான்கு இளைஞர்கள் தம் நாட்டுக்குத் திரும்பி, மீன்பிடி ஊர், பண்ணை நிலம், மூடிக் கிடந்த ஆலை, மலையடிவாரம் என்று தேடித் தேடிப் போய்ப் பாடினார்கள். யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. அந்தப் பயணம் ஒரு படமாகவும் வந்தது. படத்தின் பெயர் ‘ஹேய்மா’. அவர்கள் மொழியில் அதற்கு ‘வீட்டில்’ என்று பொருள். ‘சொந்த ஊரில்’ என்றும் நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பனியும் நெருப்பும் சேர்ந்த நாடு

அந்த நாடு ஐஸ்லாந்து. உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, இங்கிலாந்துக்கும் மேலே, வடமேற்காக விரலை நகர்த்துங்கள். கடலுக்கு நடுவே தனியாக ஒரு தீவு தெரியும். நம் மேற்கு மலேசியாவைவிடப் பரப்பில் சற்றுச் சிறியது. ஏறக்குறைய 103,000 சதுர கிலோமீட்டர். ஆனால் 2006ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த மக்கள் சுமார் மூன்று இலட்சம் பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் தலைநகரமான ரெய்க்யாவிக்கிலும் அதைச் சுற்றியும் இருப்பவர்கள். மற்ற இடங்களில் மைல் கணக்காக நடந்தாலும் ஒரு வீடு கண்ணில் படாது.

நாட்டில் பத்தில் ஒரு பங்கு நிலம் ஆண்டு முழுவதும் பனிப்பாறைக்கு அடியில் கிடக்கிறது. இன்னொரு பக்கம் எரிமலைகள். தரையைப் பிளந்துகொண்டு வெந்நீர் பீறிடும் இடங்களும் உண்டு. காடு மிகக் குறைவு. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே குடியேறியவர்கள் விறகுக்காக மரங்களை வெட்டினார்கள். மிச்சத்தை ஆடுகள் மேய்ந்தன. அதனால் எங்கு பார்த்தாலும் பாசி படர்ந்த கருங்கல்லும் புல்லும் வானமும்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம் நிற்கும் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு அது வேறு உலகம்.

கோடை காலத்தில் அங்கே இரவு முழுமையாக இருட்டுவதில்லை. நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு ஏழரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அங்கே ஜூலை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். படத்தில் வரும் திறந்தவெளிக் கச்சேரிகள் பலவற்றில், மாலையா இரவா என்று சொல்ல முடியாத ஒரு மங்கலான ஒளி பரவியிருப்பதற்கு அதுவே காரணம்.

யார் இந்தக் குழுவினர்?

குழுவின் பெயர் ‘சிகுர் ரோஸ்’. 1994இல் தொடங்கியது. பாடகர் யோன்சிக்கு அந்தச் சமயத்தில் ஒரு தங்கை பிறந்தாள். அவள் பெயரையே குழுவுக்கும் வைத்துவிட்டார்கள். ‘வெற்றி ரோஜா’ என்று அதற்குப் பொருள்.

பயணத்தின்போது குழுவில் இருந்தவர்கள் நால்வர். பாட்டும் கித்தாரும் யோன்சி என்று அழைக்கப்படும் யோன் தோர் பிர்கிசொன். அடித்தந்தி வாசிப்பவர் கெயோர்க் ஹோல்ம். பியானோவும் மற்ற விசைக் கருவிகளும் க்யார்த்தன் ஸ்வேய்ன்சொன். தாளம் ஓர்ரி பவுல் தீராசொன்.

இந்தப் பெயர்களில் ஒரு விசேஷம் உண்டு. ‘பிர்கிசொன்’ என்றால் ‘பிர்கிரின் மகன்’. ‘ஸ்வேய்ன்சொன்’ என்றால் ‘ஸ்வேய்னின் மகன்’. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் அடையாள அட்டையில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அப்பா பெயர் வருகிறதே, அதே முறைதான். அத்தனை தூரத்தில் இருக்கும் வெள்ளைக்காரரும் நம்மைப் போலவே அப்பா பெயரைச் சுமந்துகொண்டு நடக்கிறார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இவர்களுடைய இசை எப்படி இருக்கும்? துள்ளாட்டம் போட வைக்கும் இசை அன்று. மெதுவாகத் தொடங்கும். ஒரே ஒரு சுரம் நீண்டுகொண்டே போகும். அதன்மேல் இன்னொன்று வந்து படியும். எட்டு நிமிடம், பத்து நிமிடம் கழித்து, அடைமழை இறங்கியதுபோல எல்லாக் கருவிகளும் ஒன்றாக முழங்கும். பிறகு மறுபடியும் அமைதி.

யோன்சி கித்தாரை விரலால் மட்டும் மீட்டுவதில்லை. செல்லோ என்ற பெரிய வயலினுக்குரிய வில்லை எடுத்துக் கித்தார் தந்திமேல் தேய்க்கிறார். அப்போது எழும் ஒலி அழுகையா காற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நம் திருவிழாக்களில் உருமி மேளம் கேட்டிருப்பீர்கள். வளைந்த குச்சியைத் தோலின்மேல் தேய்க்கும்போது ‘ஊம்ம்’ என்று ஓர் உறுமல் கிளம்பி நம் வயிற்றுக்குள் இறங்குமே! கருவி வேறு, ஒலியும் வேறு. ஆனால் தட்டுவதற்கும் மீட்டுவதற்கும் உரியதைத் தேய்த்துப் பேச வைக்கும் வித்தை இரண்டுக்கும் பொது.

அந்தப் பயணத்தில் அவர்களோடு அமீனா என்ற குழுவைச் சேர்ந்த நான்கு பெண்கள் வயலின் முதலிய கருவிகளை வாசித்தார்கள். மரம் அறுக்கும் வாளைக்கூட வில்லால் தேய்த்து இசையாக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்!

பொருள் இல்லாத மொழி

யோன்சி பெரும்பாலும் தம் தாய்மொழியான ஐஸ்லாந்து மொழியில்தான் பாடுகிறார். உலகச் சந்தையில் விலை போக வேண்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடவில்லை. அந்த மொழியைப் பேசுவோர் உலகத்திலேயே சில இலட்சம் பேர்தான். இருந்தும் அந்தப் பாட்டு ஜப்பான் வரைக்கும் போனது. சிறிய மொழி என்று நம் பிள்ளைகள் தாய்மொழியைத் தாழ்வாக நினைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டலாம்.

இன்னொரு புதுமையும் உண்டு. சில பாடல்களில் எந்த மொழியும் இல்லை. வெறும் ஒலிகள். இதற்கு ‘வோன்லென்ஸ்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘நம்பிக்கை மொழி’ எனலாம். 2002இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டு முழுவதும் இப்படிப் பாடியதே. அந்தத் தட்டுக்குப் பெயர்கூட இல்லை. இரண்டு பிறை வளைவுகள் மட்டுமே அட்டையில் இருக்கும்.

‘பொருள் இல்லாமல் பாடினால் யாருக்குப் புரியும்?’ என்று கேட்கிறீர்களா? நம் வீட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். ‘ஆராரோ ஆரிரரோ’வுக்கு என்ன பொருள்? அகராதியில் தேடினால் கிடைக்குமா? ஆனாலும் குழந்தைக்குப் புரிகிறது, தூங்கிவிடுகிறது. நாற்று நட்ட பெண்கள் பாடிய ‘தன்னானே’வுக்கும் அதே கதைதான். சொல் சுமக்க முடியாத ஒன்றை வெறும் குரல் சுமந்து செல்கிறது.

நன்றி சொல்லப் போன பயணம்

1999இல் வெளிவந்த ‘ஒரு நல்ல தொடக்கம்’ என்ற பொருளுடைய இசைத்தட்டு இவர்களை வெளிநாடுகளில் அறிமுகப்படுத்தியது. 2005இல் ‘தாக்’ என்ற தட்டு வந்தது. ‘தாக்’ என்றால் ‘நன்றி’. அதில் உள்ள ஒரு பாட்டுக்கு ‘குட்டைகளில் குதித்தல்’ என்று பொருள். மழைநீரில் பிள்ளைகள் குதித்து விளையாடுவதைப் பற்றியது. 2006இல் பிபிசி நிறுவனம் ‘பிளானட் எர்த்’ என்ற இயற்கைத் தொடரின் விளம்பரத்துக்கு அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளவே, இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு அது ஒலித்தது.

அந்த இசைத்தட்டோடு பல நாடுகளைச் சுற்றிய பிறகு, அதே 2006ஆம் ஆண்டுக் கோடையில் குழு தாய்நாட்டுக்குத் திரும்பியது. அடுத்து என்ன செய்யலாம்? தலைநகரத்தில் ஒரே ஒரு கச்சேரி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஜூலை பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்டு முதல் வாரம் வரை நாட்டைச் சுற்றினார்கள். பெரிய விளம்பரம் இல்லை. எல்லாக் கச்சேரிகளும் இலவசம். ஜூலை 30ஆம் நாள் ரெய்க்யாவிக் நகரப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் திரண்ட கச்சேரியும் அதில் ஒன்று. சின்னஞ்சிறு ஊர்களில் நடந்தவையும் அதில் அடக்கம்.

இதையெல்லாம் படமாகத் தொகுத்தவர் கனடா நாட்டு இயக்குநர் டீன் டெப்ளுவா. பிள்ளைகளுக்குத் தெரிந்த ‘லிலோ அண்ட் ஸ்டிச்’ என்ற கார்ட்டூன் படத்தை இயக்கிய இருவரில் ஒருவர். ‘ஹேய்மா’ 2007 செப்டம்பரில் ரெய்க்யாவிக் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஓடும் நேரம் ஒன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதல்.

படம் மேடையை மட்டும் காட்டிக்கொண்டிருப்பதில்லை. பாட்டு நடக்கும்போதே கமெரா திரும்பிக் கேட்பவர் முகத்தைப் பார்க்கிறது. கம்பளிச் சட்டை போட்ட கிழவர், அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, புல்தரையில் போர்வை விரித்து உட்கார்ந்த குடும்பங்கள். யாரும் கத்துவதில்லை. கோயில் திடலில் கூத்துப் பார்ப்பதுபோல் ஊரே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூடிய ஆலைக்குள் ஒரு கச்சேரி

இனி, நம் தோட்டத்து மக்கள் நெஞ்சைத் தொடும் இடத்துக்கு வருகிறேன்.

ஐஸ்லாந்தின் வடமேற்கே, மலைக்கும் கடலுக்கும் இடையில் ட்யூபாவீக் என்று ஓர் ஊர். 1930களில் அந்தக் கடலில் ‘ஹெர்ரிங்’ என்ற மீன் ஏராளமாகக் கிடைத்தது. நம் மத்தி மீனைப் போல் கூட்டங்கூட்டமாக வரும் மீன். அதை அரைத்துத் தூளாக்கவும் எண்ணெய் எடுக்கவும் 1935இல் அங்கே ஒரு பிரம்மாண்டமான சிமெண்டு ஆலை எழுந்தது. பருவத்துக்குப் பருவம் வேலையாட்கள் வந்தார்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு தங்கும் விடுதி. ஆண்கள் தங்குவதற்குக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்திய ஒரு பழைய கப்பல்!

சில ஆண்டுகள் நல்ல வருமானம். பிறகு மீன் வரத்துக் குறைந்தது. ஆலை 1954இல் மூடப்பட்டது. வேலை போனதும் ஆட்களும் போய்விட்டார்கள். இயந்திரங்கள் துருப்பிடித்தன. அந்தக் கப்பல் இன்றும் கரையில் இற்றுக் கிடக்கிறது. 1985இல் ஒரு தம்பதியர் அங்கே போய்ப் பெண்கள் தங்கியிருந்த அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பயணிகள் விடுதியாக்கினார்கள். அதனால் ஊர் முழுக்கச் சாகாமல் பிழைத்தது.

அந்த ஆலைக்குள்தான் சிகுர் ரோஸ் குழு போய்ப் பாடியது. யோன்சி, மீன் எண்ணெய் சேர்த்து வைத்திருந்த வட்டமான பெரிய தொட்டிக்குள் நின்றுகொண்டு கித்தாரை வில்லால் தேய்க்கிறார். சுவர் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்த சுரம் வந்து சேர்ந்து, ஐம்பது ஆண்டாக வெறுமையாகக் கிடந்த தொட்டி நிரம்பிவிடுகிறது. எண்ணெயால் அல்ல, இசையால்!

இந்தப் பகுதியை எங்கள் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒருநாள் காட்டினேன். பேரனை அழைத்துப் போக வந்த ஒரு பாட்டியும் வகுப்பு வாசலில் நின்று பார்த்தார். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். படம் முடிந்ததும் அவர் கேட்டது இதுதான்:

“வாத்தியாரய்யா, நம்ம பழைய பால் ஸ்டோர் மாதிரியே இருக்குதே. அதுக்குள்ள யாராச்சும் இப்படிப் போய்ப் பாடுனா எப்படி இருக்கும்?”

எங்கள் பழைய ஸ்டோர் இடிக்கப்பட்டு வெகு காலமாயிற்று. அந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகள்தான் அவரைச் சூழ்ந்துகொண்டு, “பாட்டி, ஸ்டோர்னா எப்படி இருக்கும்?” என்று கேட்டார்கள். பால் வாளிகள் வரிசையாக வந்ததையும், தராசில் நிறுத்ததையும், புகை போட்ட பால் கட்டியின் வாடையையும் அவர் சொல்லச் சொல்ல, மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தண்ணீருக்குள் போன பள்ளத்தாக்கு

படத்தில் இன்னோர் இடம். நாட்டின் கிழக்கே, ஸ்னைஃபெல் என்ற மலைக்குப் பக்கத்தில், காராஹ்னியூகர் என்னும் இடத்தில் அப்போது ஒரு மாபெரும் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அலுமினிய ஆலை ஒன்றுக்கு மின்சாரம் கொடுப்பதற்காக. 690 மெகாவாட் மின்சாரம். தண்ணீர் தேங்கப்போகும் பரப்பு 57 சதுர கிலோமீட்டர். அந்தப் பள்ளத்தாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் அங்கே கூடாரம் அடித்துப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

குழு அங்கேயும் போனது. ஆனால் ஒலிபெருக்கி இல்லை, மின்கருவிகள் இல்லை. மின்சாரத்துக்காகக் கட்டும் அணையை எதிர்க்கும் இடத்தில் மின்சாரம் வைத்துக்கொண்டு பாடுவது பொருத்தமாகுமா? ஆகவே திறந்த வெளியில், வெறும் கருவிகளோடும் வெறும் குரலோடும் பாடினார்கள். காற்று வீசி, பாட்டில் பாதியைத் தூக்கிக்கொண்டு போகிறது. படத்திலேயே மிகவும் மெலிந்த குரல் அதுதான். ஆனால் மனத்தில் நிலைத்து நிற்பதும் அதுவே.

பாட்டு அணையை நிறுத்தியதா? இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? கச்சேரி நடந்தது 2006 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில். செப்டம்பர் 28ஆம் நாள் நீர் தேக்கத் தொடங்கிவிட்டார்கள். 2007இல் அலுமினிய ஆலையும் ஓடத் தொடங்கியது. பள்ளத்தாக்கு நீருக்குள் போயிற்று.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கிழக்குக் கரை ஊர்களில் மீன்பிடித் தொழில் நலிந்து, இளைஞர்கள் தலைநகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆலை வந்தால் சில நூறு பேருக்கு வேலை கிடைக்கும், ஊர் நிலைக்கும் என்று அணையை வரவேற்றவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வருமா? வேலை இல்லாத ஊரில் அழகை வைத்துக்கொண்டு அடுப்பு எரியாது என்பது தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியாததா? வயிற்றுக்காக நிலம் மாறுகிறது. அதை எப்போதும் தடுத்துவிட முடிவதில்லை. ஆனால் மாறுவதற்கு முன்பு அந்த நிலத்தைக் கண் நிறையப் பார்த்து, அதன்மேல் நின்று ஒரு பாட்டுப் பாடி, அதைப் பதிந்து வைத்தார்களே! இன்று அந்தப் பள்ளத்தாக்குக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பிள்ளை கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

பெரியவர்களையும் அழைத்துக்கொண்டார்கள்

எனக்குப் பிடித்த இன்னொரு செய்தி: அவர்கள் தாங்கள் மட்டும் மேடையில் நிற்கவில்லை. ‘ரீமூர்’ என்பது ஐஸ்லாந்தின் பழைய கதைப்பாட்டு. நீண்ட குளிர்கால இரவுகளில் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் கூடிக் கம்பளி நூற்கும்போது, ஒருவர் அதை இராகம் போட்டுச் சொல்வார். மற்றவர் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். அந்தப் பாட்டில் வல்லவரான ஸ்டெய்ன்டோர் ஆண்டர்சன் என்ற பெரியவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார்கள். படத்தில் அவர் குரலும் வருகிறது. ஹூசாஃபெல் என்ற ஊரைச் சேர்ந்த பவுல் குட்முண்ட்சொன் என்ற சிற்பியையும் காண்கிறோம். அவர் பொறுக்கிச் சேர்த்த கல் பலகைகளை வரிசையாக அடுக்கி, தட்டினால் சுரம் பேசும் கருவியாக ஆக்கி வைத்திருக்கிறார். பழங்கோயில்களில் இசைத் தூண்கள் உண்டு என்று கேட்டிருக்கிறோமே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. ஓர் ஊரின் பித்தளை வாத்தியக் குழுவும் பாட்டின் நடுவே ஊர்வலமாக வந்து சேர்ந்துகொள்கிறது. சிறுவரும் பெரியவரும் கலந்த சாதாரண ஊர் வாத்தியக் குழு! உலகப் புகழ் பெற்ற குழுவோடு சமமாக நின்று ஊதுகிறது.

ஆகஸ்டு 4ஆம் நாள் பயணத்தின் கடைசிக் கச்சேரி ஆஸ்பிர்கி என்ற இடத்தில் நடந்தது. குதிரை லாடம் போல் வளைந்த ஒரு பெரும் பள்ளம். சுற்றிலும் நூறு மீட்டர் வரை உயர்ந்த பாறைச் சுவர். அவர்களுடைய பழங்கதையில் வரும் ஓடின் என்ற தெய்வத்துக்கு எட்டுக் கால் குதிரை ஒன்று உண்டு. அது ஒரு காலைத் தரையில் ஊன்றிய தடமே இந்தப் பள்ளம் என்பார்கள். இரண்டு முறையாவது பனிப்பாறைக்கு அடியிலிருந்து உடைத்துக்கொண்டு வந்த பெருவெள்ளம் குடைந்த பள்ளம் என்பது நில நூல் அறிஞர்கள் கருத்து. கதை எதுவானாலும், அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்று பாடும்போது மேடை கட்ட வேண்டிய அவசியமே இல்லை!

அடுத்த ஆண்டு, 2007 ஏப்ரலில், ஒரு சின்னக் காப்பிக் கடையில் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மட்டுமாக ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்த காட்சியும் படத்தில் சேர்ந்திருக்கிறது. அம்மா அப்பா முன்னால் உட்கார்ந்து கேட்க, பிள்ளைகள் வாசிக்கிறார்கள். உலகத்து அரங்கங்களைவிட அங்கேதான் அவர்கள் முகத்தில் கூச்சம் அதிகம்!

அதற்குப் பிறகு குழுவில் மாற்றங்கள் வந்தன. க்யார்த்தன் 2013இல் விலகி 2022இல் திரும்பினார். ஓர்ரி 2018இல் விலகினார். ஆனால் அந்தக் கோடையின் நால்வரும் அந்த ஊர்களும் படத்தில் அப்படியே இருக்கிறார்கள்.

நிலம் பாட்டு எழுதுமா?

படத்தைப் பார்க்கிறவர்கள் சட்டென்று, ‘இந்த நிலம் இப்படி இருப்பதால்தான் இசையும் இப்படி இருக்கிறது’ என்பார்கள். அது அரை உண்மைதான். அதே நாட்டில் காது கிழியும்படி வேகமாக வாசிக்கும் குழுக்களும் உண்டு. அவர்களும் அதே பனியைப் பார்த்து வளர்ந்தவர்களே. நிலம் பாட்டை எழுதித் தருவதில்லை. மனிதர்தாம் எழுதுகிறார்கள். ஆனால் எழுதிய பாட்டை எங்கே கொண்டுபோய்ப் பாடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடிய ஆலையில் பாடினால் அந்த ஆலையும் பாட்டின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று ஊரை விட்டுப் போனவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வாசகர்களே, நம் தோட்டங்களில் எத்தனையோ இன்று இல்லை. நிலம் கை மாறியது, லயங்கள் இடிந்தன, வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. கோயிலும் பள்ளிக்கூடமும் மட்டும் தனித்து நிற்கும் இடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே பாடிய தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, வெட்டு முடிந்து வரும்போது பெண்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்து கட்டிய பாட்டு, இவையெல்லாம் எங்கே? பல இன்னும் சில பாட்டிமார் நெஞ்சில் மட்டும் இருக்கின்றன. அவர்கள் கண்ணை மூடினால் அவையும் போய்விடும்.

சிகுர் ரோஸ் குழுவிடம் கமெராக்கள் இருந்தன, இயக்குநர் இருந்தார், பணமும் இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்று வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதில் குரலையும் பதியலாம், படத்தையும் பதியலாம். வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளையிடம் ஒரு வேலை கொடுங்கள். தாத்தா பாட்டியை அவர்கள் முன்பு வாழ்ந்த தோட்டத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். பழைய பெரட்டுத் திடலோ, கிணற்றடியோ, அரச மரமோ, எது மிச்சம் இருக்கிறதோ அங்கே அவர்களை உட்கார வைத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எந்த வருஷம் என்று மறக்காமல் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குரல் கரகரத்தால் பரவாயில்லை. நடுவில் நாய் குரைத்தாலும் பரவாயில்லை. காற்று பாதிப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போன பதிவைத்தானே ஓர் உலகமே உட்கார்ந்து பார்த்தது!

‘ஹேய்மா’ படம் கிடைத்தால், கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ ஒரு மாலை எல்லாரும் சேர்ந்து பாருங்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பாதிப் பாட்டுக்கு அவர்களுக்கே மொழி கிடையாது. முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் நெளிவார்கள். பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு உடனே கலைந்துவிடாதீர்கள். அங்கே இருக்கும் வயதில் மூத்த பெண்மணியைப் பார்த்து, “பாட்டி, நீங்க ஒரு பாட்டுப் பாடுங்களேன்” என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.